உங்கள் வீட்டிலிருந்து காணாமற்போன பொருள்களில் எதை மீண்டும் பார்க்க ஆசைப்படுகிறீர்கள்?

எங்கள் வீட்டுப் பன்பாயை.

ஊர் மட்டக்களப்புக்குத் தெற்கே, களுவாஞ்சிகுடிப் பக்கம். நான் சொல்வது எண்பதுகளின் கடைசி. எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். அம்மாவுக்குச் சீதனமாக வீட்டைக் கொடுத்துவிட்டு, அம்மம்மா அதே வளவுக்குள் சின்னக் குடிலில் இருந்தார். கட்டில் ஒன்றே ஒன்று. பிள்ளைகளுக்கெல்லாம் விறாந்தையில் பாய். பள்ளிக்கூட விடுமுறைக்குச் சித்தியின் பிள்ளைகளும் வந்துவிட்டால் இரண்டு பாயில் எட்டுப் பேர் படுப்போம்.

பன் என்பது நீர்க்கரையில், சேற்றில் வளரும் ஒரு கோரை. வெட்டிக் காயவைத்து, கொஞ்சத்தை மட்டும் சாயத்தில் அவித்து எடுப்பார்கள். தறி கிடையாது, கையாலேயே பின்னுவது. எங்கள் பாயில் சிவப்பும் ஊதாவும் கட்டங்கட்டமாக ஓடும். புதுப்பாயில் வைக்கோல் மாதிரி ஒரு வாசம் இருக்கும். சூடான கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் முதுகுக்கு அதைப்போலக் குளிர்ச்சி வேறில்லை. மாரியில்தான் பாடு, பூஞ்சணம் பிடித்துவிடும். வெயில் கண்ட அன்று எல்லாப் பாயும் வேலியில் தொங்கும்.

பெரும்போக அறுவடை முடிந்ததும் அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து ஒரு முஸ்லிம் அம்மா பாய் கொண்டுவருவார். காசைவிட நெல்லைத்தான் விரும்பி வாங்குவார். அம்மம்மா பாயின் மூலையைத் தூக்கி வெயிலுக்குப் பிடித்துப் பார்ப்பார். வெளிச்சம் ஊசித்துளையாகத் தெரிந்தால், "இது நெருக்கம் காணா புள்ள, மற்றதக் காட்டு" என்பார். மறுகா வெற்றிலை வட்டா வந்துவிடும். எங்கள் பகுதியில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் குடிமுறை உண்டு, குடி என்றால் குலம் மாதிரி, இரண்டு பக்கமும் தாய்வழிதான். அதனால் பேச்சு நேரே கலியாணத்துக்குப் போகும்: எந்த மகளுக்கு வீடு கட்டியாயிற்று, எவளுக்கு இன்னும் சுவர் எழும்பவில்லை. பின்னேரம் வரைக்கும் பேசுவார்கள்.

1990இல் போர் மூண்டு எல்லாம் குலைந்தது. தமிழர், முஸ்லிம் இரண்டு பக்கத்திலும் ஆட்கள் செத்தார்கள். ஒருவர் ஊருக்கு மற்றவர் போக முடியாத காலம். அடுத்த அறுவடைக்குப் பாய்க்கார அம்மா வரவில்லை. அதற்கடுத்த அறுவடைக்கும் இல்லை. பாய் உம்மா என்றுதான் கூப்பிட்டோம், பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை. அது எனக்கு இன்றைக்கும் மனவருத்தம்.

அந்த வருடம் மாசியில் வாங்கிய பாய்களில் ஒன்றை அம்மம்மா விரிக்கவே விடவில்லை. சுருட்டிப் பழஞ்சீலையால் கட்டி, கூரை வளையில் செருகி வைத்திருந்தார். கேட்டால், "அவ வந்தா இருக்கக் குடுக்க வேணும் மனே" என்பார். மற்றப் பாய்கள் ஒவ்வொன்றாகக் கிழிந்தன. பிளாஸ்டிக் பாய் வந்தது. வியர்த்த முதுகில் ஒட்டிக்கொள்ளும் அந்தப் பாய் எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை.

1998இல் அம்மம்மா இறந்தபோது அம்மாதான் அதைக் கீழே இறக்கினார். எட்டு வருடம் சுருண்டு கிடந்த பாய், விரிக்க விரிக்கத் திரும்பவும் சுருண்டது. நாலு மூலையையும் நாலு பேர் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதில் அவரைக் கிடத்தினோம். சிவப்புக் கொஞ்சமும் மங்கியிருக்கவில்லை.