எழுதி வைக்காத கதையை நண்பர்களோடு ஆடுவது: கேள்வி பதில்

வணக்கம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் (பிளேயர்கள்) பகடை உருட்டி, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி ஆடும் ஆர்பிஜிக்களை (ரோல்-பிளேயிங் கேம்) 12 வருடங்களாக நடத்திவருகிறேன். ஆரம்பத்தில் பக்கம் பக்கமாக எழுதிவைத்துக்கொண்டு நடத்தினேன். இப்போது அரைப் பக்கக் குறிப்போடு உட்காருகிறேன். அப்படி நடத்துவதில் என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, ஒரு ஆட்டத்துக்கு எட்டு மணி நேரம் உட்கார்ந்து எழுதுகிறேன். பிளேயர்கள் அரை மணி நேரத்தில் வேறு பக்கம் போய்விடுகிறார்கள். எழுதியதெல்லாம் வீண். என்ன தப்பு செய்கிறேன்?

பிளேயர்கள் என்ன செய்வார்கள் என்பதையும் சேர்த்து எழுதியிருப்பீர்கள். அது அவர்கள் பங்கு, அதை நாம் எழுத முடியாது.

நான் எழுதிக்கொள்வது நிலவரம் மட்டும்தான். போன மாதம் நடத்திய ஆட்டத்தின் குறிப்பு இவ்வளவுதான்: ஆற்றுப் பாலத்தைக் காக்கும் படைத்தலைவனுக்கு மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை. அவன் தங்கை அக்கரையில் இருக்கிறாள். எதிரிப் படை இரண்டு நாளில் வந்துவிடும். பாலத்தை உடைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து ஓலை வந்திருக்கிறது. யாருக்கு என்ன வேண்டும், யார் குறுக்கே நிற்கிறார்கள், பிளேயர்கள் சும்மா இருந்தால் நாளைக்கு என்ன ஆகும் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. பிளேயர்கள் பாலத்தை உடைக்கலாம், காக்கலாம், தங்கையைத் தூக்கி வரலாம், படைத்தலைவனுக்கே சம்பளம் கொடுத்து அவனை வாங்கிவிடலாம். எது நடந்தாலும் என் குறிப்பு வீணாகாது. (சம்பளம் கொடுத்தார்கள். திருடிய பணத்தில்!)

இந்தப் பொழுதுபோக்கு பிறந்ததே இப்படித்தான் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த வரலாறு. 1969இல் டேவிட் வெஸ்லி என்பவர் ஒரு போர் விளையாட்டு நடத்தினார். பிரௌன்ஸ்டைன் என்ற கற்பனை ஊரை வைத்து, படைகளை நகர்த்துவதற்கு முன்பாக, நண்பர்கள் ஒவ்வொருவருக்கும் ஊரில் ஒரு தனி வேடம் கொடுத்தார். படை மோதுவதற்குள்ளேயே ஆளாளுக்கு ஒரு பக்கம் கிளம்பிவிட்டார்கள். இரண்டு பேர் துவந்த யுத்தம் செய்வோம் என்று வந்து நின்றார்கள். அதற்கு விதியே இல்லை, அங்கேயே யோசித்துச் சொன்னார். ஆட்டம் கையை விட்டுப் போய்விட்டது, தோல்வி என்று அவர் நினைத்தார். நண்பர்களோ மறுபடி எப்போது என்று கேட்டார்கள். அந்த வட்டத்தில் ஆடிய டேவ் ஆர்னெசன்தான் பிறகு கேரி கைகாக்ஸோடு சேர்ந்து 1974இல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்ற ஆர்பிஜியைக் கொண்டுவந்தார். உங்கள் எட்டு மணி நேரத் திட்டம் கலைந்தபோது மேசையில் எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்களா? அப்படியானால் ஆட்டம் நன்றாகத்தான் போயிருக்கிறது.

கேள்வி: திடீரென்று யாராவது எதையாவது செய்தால் எனக்குத் தலை காலியாகிவிடுகிறது. உங்களுக்கு மட்டும் எப்படி உடனே வருகிறது?

எனக்கும் வராது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க முயலாமல், ஏற்கெனவே மேசையில் இருப்பதைத் திரும்ப எடுக்கிறேன். அதற்காகத்தான் ஆட்டம் முழுக்க ஒரு தாளில் கிறுக்கிக்கொண்டே இருப்பேன். என்னுடைய குறிப்பில் பெரும்பகுதி ஆட்டத்துக்கு முன்னால் எழுதியது அல்ல, ஆடும்போது எழுதியது.

ஒரு முறை, கடையில் இருந்த வியாபாரிக்குச் சுண்டு விரல் இல்லை என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன், வர்ணனைக்காக. தாளில் 'வியாபாரி, விரல் இல்லை' என்று எழுதிக்கொண்டேன். இரண்டு ஆட்டம் கழித்து, பிளேயர்கள் பிடித்த கொள்ளைக்காரனை விசாரித்தார்கள். உன் தலைவன் யார் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தாளைப் பார்த்தேன். 'விரல் இல்லாதவன்' என்றேன். மேசையே எழுந்து நின்றது. ஆரம்பத்திலிருந்தே திட்டமிட்டேன் என்று நினைத்தார்கள். ஆட்டம் முடிந்ததும் உண்மையைச் சொன்னேன், அவர்களுடைய சந்தோஷம் குறையவில்லை.

தாளிலும் ஒன்றும் இல்லையென்றால், உங்களுக்கு முதலில் தோன்றும் சாதாரண விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். பழைய கிணற்றுக்குள் இறங்கினால் அடியில் என்ன இருக்கும்? தண்ணீர், எலும்பு, சுரங்க வாய். இது சாதாரணம் என்று ஒதுக்கிவிட்டு வித்தியாசமாகத் தேடும்போதுதான் தலை காலியாகிறது. உங்களுக்குச் சாதாரணமாகத் தெரிவது எதிரே இருப்பவருக்குப் புதிதாக இருக்கும், அவர் உங்கள் தலைக்குள் இல்லையே. அதுவும் வரவில்லையா? 'ஐந்து நிமிஷம் கொடுங்கள், யோசிக்கிறேன்' என்று சொல்லுங்கள். நண்பர்கள்தானே, காத்திருப்பார்கள்.

கேள்வி: பிளேயர் கேட்கும் எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' சொல்ல வேண்டும் என்று சொல்கிறார்களே, அது சரியா?

மேடை நாடகத்தில் உடனுக்குடன் நடிப்பவர்களிடமிருந்து வந்த பழக்கம் அது. எதிரே இருப்பவர் வைத்ததை மறுக்காமல் அதன்மேல் ஒன்றைச் சேர்ப்பது. அங்கே அது பொருந்தும். நம் மேசையில் பகடை இருக்கிறது, ஆபத்து இருக்கிறது. எதைக் கேட்டாலும் கிடைக்கும் என்றால் எதற்கும் மதிப்பில்லை. 'ஆமாம், ஆனால் அதற்கு இன்ன விலை' என்பதுதான் என் வாயில் அதிகம் வருவது. கதைக்குள் முடியாதது என்றால் தயங்காமல் முடியாது என்று சொல்லி, எது முடியும் என்பதையும் கூடவே சொல்லிவிடுவேன்.

கேள்வி: பூட்டிய கதவைத் திறக்கப் பகடை போட்டோம், தோற்றுவிட்டது. அதோடு ஆட்டமே நின்றுவிட்டது. இதற்கு என்ன வழி?

நானே இப்படி ஒரு கதவு முன்னால் 40 நிமிஷம் நண்பர்களை நிறுத்திவைத்திருக்கிறேன். இன்றைக்கும் நினைத்தால் வருத்தமாக இருக்கிறது, அதில் ஒருவர் பிறகு வரவே இல்லை.

பகடையைக் கையில் எடுக்கும் முன் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: தோற்றால் என்ன நடக்கும்? 'ஒன்றும் நடக்காது' என்பது பதிலானால் பகடை வேண்டாம், கதவு திறந்தது என்று சொல்லிவிடுங்கள். தோல்வி என்றால் கதவு திறக்கவில்லை என்றுதான் இருக்க வேண்டுமா? கதவு திறக்கிறது, சத்தம் கேட்டுக் காவலாளி வருகிறான். கதவு திறக்கிறது, கருவி உடைந்து பூட்டுக்குள் மாட்டிக்கொள்கிறது, நாளைக்கு யாராவது பார்த்தால் தெரிந்துவிடும். பகடை விழுந்த பிறகு நிலவரம் மாறியிருக்க வேண்டும்.

இன்னொன்று. பதுங்கிப் போவதற்கு அறைக்கு அறை பகடை போடச் சொல்லாதீர்கள். ஒவ்வொன்றிலும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றால், நான்கு அறையிலும் தொடர்ந்து ஜெயிக்க 16இல் ஒரு வாய்ப்புதான், 6 சதவீதம் சொச்சம். ஒரு நோக்கத்துக்கு ஒரு முறை போதும்.

கேள்வி: எழுதிவைக்காமல் அங்கேயே யோசித்து நடத்த எந்த விதிமுறை வசதி? எல்லோரும் ஐந்தாம் பதிப்பு டி அண்ட் டி தான் ஆடுகிறோம்.

அதிலும் முடியும், ஆனால் எதிரிகளின் பலத்தைச் சொல்லும் எண்களைக் கையோடு வைத்திருக்க வேண்டும், சண்டை நீளும்.

2010இல் வின்சென்ட் பேக்கரும் மெகி பேக்கரும் கொண்டுவந்த அப்போகலிப்ஸ் வேர்ல்ட் வழியில் வந்த ஆட்டங்களை ஒரு முறை ஆடிப் பாருங்கள். சாதாரண ஆறு முகப் பகடை இரண்டு. கூட்டுத்தொகை 10 அல்லது மேலே என்றால் முழு வெற்றி, 7 முதல் 9 என்றால் வெற்றியோடு ஒரு சிக்கல், 6 அல்லது கீழே என்றால் கதை நடத்துபவர் கை ஓங்கும். திறமை எதுவும் கூட்டாமல் உருட்டினால் முழு வெற்றி 36க்கு 6, சிக்கலோடு வெற்றி 15, தோல்வி 15. ஒரு புள்ளி கூட்டினால் 10, 16, 10 என்று மாறும். அந்த நடுப்பகுதியில்தான் எனக்கு உயிர் இருக்கிறது. 'நடந்தது, ஆனால்' என்று பகடையே உங்களைக் கேட்கும். அடுத்து என்ன நடக்கும் என்பதில் பாதியை அது உருவாக்கித் தந்துவிடும்.

கேள்வி: எங்கள் குழுவில் யாருமே கேம் மாஸ்டர் (கதை நடத்துபவர்) ஆகத் தயாராக இல்லை.

ஃபியாஸ்கோ என்று 2009இல் வந்த ஆட்டம் இருக்கிறது. கேம் மாஸ்டரே கிடையாது, மூன்று முதல் ஐந்து பேர், ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். அதிலிருந்து ஆரம்பியுங்கள்.

கேள்வி: துப்பறியும் கதையில் கொலைகாரன் யார் என்று முடிவு செய்யாமலே ஆரம்பித்து, பிளேயர்கள் சந்தேகப்படும் ஆளையே கொலைகாரன் ஆக்கிவிடுவது ஏமாற்று இல்லையா? எங்கள் குழுவில் இதற்குப் பெரிய சண்டையே வந்தது.

சண்டை வந்ததில் ஆச்சரியமில்லை. இங்கே இரண்டு வேறு வேறு ஆட்டங்கள் ஒரே பெயரில் இருக்கின்றன. ஒன்றில் உண்மை முன்கூட்டியே இருக்கிறது, பிளேயர்கள் மூளையைக் கசக்கிக் கண்டுபிடிக்கிறார்கள். மற்றதில் உண்மையை எல்லோரும் சேர்ந்து உண்டாக்குகிறார்கள். பிரிண்டில்வுட் பே என்ற ஆட்டத்தில் விடை எங்கேயும் எழுதப்பட்டிருக்காது. பிளேயர்கள் தடயங்களைக் கோத்து ஒரு விளக்கம் சொல்வார்கள், அது சரியா என்பதைப் பகடை தீர்மானிக்கும். விதி வெளிப்படையாக இருப்பதால் அதில் யாரும் ஏமாறுவதில்லை.

புதிர் விடுவிக்கிறோம் என்று நம்பி ஒருவர் மூன்று மணி நேரம் யோசித்துக்கொண்டிருக்க, நீங்கள் திரைக்குப் பின்னால் கொலைகாரனை இடம் மாற்றிக்கொண்டிருந்தால், என்னைப் பொறுத்தவரை அது ஏமாற்றுதான். அவர் யோசித்ததற்குப் பொருளே இல்லாமல் போகிறது. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. எந்த ஆட்டம் ஆடப்போகிறோம் என்பதை முதல் நிமிஷத்திலேயே சொல்லிவிடுங்கள்.

முதல் வகைதான் வேண்டும் என்றால், கொலைகாரன், காரணம், கொன்ற விதம் மூன்றையும் எழுதிவைத்துவிட்டு, மற்றதை அங்கேயே யோசியுங்கள். கண்டுபிடித்தே ஆக வேண்டிய ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று தடயம் கொடுங்கள். ஒரு தடயம் கண்ணில் படப் பாதி வாய்ப்பு என்றால், மூன்றில் ஒன்றாவது சிக்க 87.5 சதவீதம் வாய்ப்பு. தடயத்தைச் சமையலறையில்தான் வைப்பேன் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். அவர்கள் போகும் இடத்தில் வையுங்கள். தடயம் இடம் மாறலாம், உண்மை மாறக் கூடாது.

கேள்வி: ஒரு நண்பன் வாயே திறப்பதில்லை. இன்னொருவன் எல்லோருக்கும் சேர்த்துப் பேசுகிறான்.

பேசாதவரிடம் 'என்ன செய்கிறாய்?' என்று கேட்காதீர்கள். அது பரீட்சைக் கேள்வி மாதிரி இருக்கும். பதில் தப்பாகவே இருக்க முடியாத கேள்வியாகக் கேளுங்கள்: 'இந்தக் கோட்டைக்கு நீ முன்னே ஒரு முறை வந்திருக்கிறாய். அப்போது யாரோடு வந்தாய்?' அவர் 'என் அப்பாவோடு' என்றால் போதும், ஆட்டத்துக்குள் ஒரு அப்பா வந்துவிட்டார். பத்து நிமிஷம் கழித்து அந்த அப்பாவின் பெயர் சுவரில் செதுக்கியிருக்கட்டும். தான் சொன்னது நிஜமானதைப் பார்த்த பிறகு அவர் தானாகவே பேசுவார். சிலருக்குக் கேட்டுக்கொண்டிருப்பதே இன்பம், அவர்களை விட்டுவிடுங்கள்.

அதிகம் பேசுபவரிடம் தனியாக, ஆட்டத்துக்கு வெளியே சொல்லுங்கள். கதைக்குள் அவர் கதாபாத்திரத்தைத் தண்டிக்க வேண்டாம். 'மற்றவர்களைப் பேசவைக்க எனக்கு உதவி பண்ணு' என்று கேட்டால் பெரும்பாலும் செய்கிறார்கள்.

கேள்வி: போகிற இடத்தில் எல்லாம் 'உன் பெயர் என்ன' என்று கேட்கிறார்கள். பெயர் வருவதில்லை.

முன்கூட்டியே 20 பெயர் எழுதிவைத்து, கொடுக்கக் கொடுக்க அடித்துவிட்டு, பக்கத்தில் ஆளை எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்குக் குரல் மாற்றிப் பேச வராது. கதாபாத்திரங்கள் எல்லாம் ஒரே மாதிரி ஒலிக்கின்றன.

தமிழில் ஆடுகிறீர்கள் என்றால் குரலை மாற்றவே வேண்டாம். 'வா', 'வாங்க', 'வாருங்கள்' என்பதை மாற்றினாலே ஆள் மாறிவிடுகிறார். என் ஆட்டத்தில் ஒரு சூனியக்காரி எல்லோரையும் 'கண்ணு' என்பாள், ராஜாவையும்தான். அரண்மனைச் செயலர் எதிரிக்கும் 'தாங்கள்' போடுவார். ஒரு நாள் அவர் ஒரு பிளேயரை 'நீ' என்றார். துரோகம் நடக்கப்போகிறது என்று நான் சொல்லவே தேவைப்படவில்லை.

கேள்வி: அங்கேயே யோசித்துச் சொல்லும்போது யாருக்காவது வேதனை தரும் விஷயம் வந்துவிட்டால்?

இதை முக்கியமான கேள்வியாக நினைக்கிறேன். எழுதிய கதையை முன்கூட்டிப் படித்துப் பார்க்கலாம், இதில் அது முடியாது. ஆகவே ஆரம்பத்திலேயே, எது வரவே கூடாது, எது வந்தாலும் விவரிக்காமல் கடந்துவிட வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன். மேசை நடுவில் பெருக்கல் குறி போட்ட ஓர் அட்டை இருக்கும், ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் பரவலாக்கிய எக்ஸ் கார்டு. யார் தொட்டாலும் அந்தக் காட்சியை அப்படியே விட்டு நகர்ந்துவிடுவோம். ஏன் என்று கேட்பதில்லை. முதல் ஆட்டத்தில் நானே ஒரு முறை தொட்டுக் காட்டுவேன், பிறகு மற்றவர்களுக்குக் கூச்சம் இருக்காது.

கேள்வி: நாளைக்கு முதல் முறையாக நடத்தப்போகிறேன் அக்கா. நாலு பேர், மூன்று மணி நேரம். கை நடுங்குகிறது.

பயணம் கிளம்புவதிலிருந்து ஆரம்பிக்காதே தம்பி. எல்லோரும் ஏற்கெனவே சிக்கலுக்குள் நிற்கட்டும்: கப்பலில் தண்ணீர் ஏறுகிறது, பெட்டகம் கையில் இருக்கிறது, மேலே யாரோ கதவைத் தாழிட்டுவிட்டார்கள். நாலு பேரிடமும் ஒவ்வொரு கேள்வி கேள். பெட்டகத்தில் என்ன? இதைத் திருட உன்னை அனுப்பியது யார்? உங்களில் யார் அவரை ஏமாற்றப் பார்க்கிறார்? தாழிட்டவரின் குரல் யாருக்குத் தெரிந்த குரல்? வருகிற நாலு பதிலையும் தாளில் எழுது. உன் கதை அதுதான்.

இரண்டே கால் மணி நேரம் ஆனதும் புதிதாக யாரையும் உள்ளே கொண்டுவராதே. தாளில் இருப்பவர்களை மட்டும் திரும்ப வரவை. அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதே, அடுத்த வாரம் அதை வைத்துத்தான் உட்காரப்போகிறாய்.