மச்சானின் மூன்று துப்பாக்கிகளில் எதை எடுப்பது?

கேள்வி: ஐயா, எங்கள் லாத்தா (அக்கா) குடும்பம் அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கிறது. வருகிற ஏப்ரலில் விசிட் விசாவில் போகிறேன். மச்சான் காட்டு வான்கோழி வேட்டைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார். அவரிடம் மூன்று துப்பாக்கிகள் இருக்கின்றன: மூன்றரை அங்குலத் தோட்டா போடும் 12 போர் ஆட்டோமேடிக், முன்கட்டையைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் 20 போர் பம்ப், அவருடைய நண்பர் கொடுத்த பழைய 12 போர் இரட்டைக்குழல். நான் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை, எடை 58 கிலோ. "பெருசை எடு, குறி தப்பாது" என்கிறார் மச்சான். அவர் சொல்வது சரியா? அங்கே போய் எனக்கென்று ஒன்று வாங்கிக்கொள்ளலாமா? — வாசகர், கீழக்கரை

பதில்: தம்பி, 20 போரை எடுங்கள். மச்சானிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், கோபித்தால் கோபிக்கட்டும்.

முதலில் இந்தப் போர் எண்ணை, அதாவது குழல் அளவைச் சொல்லும் எண்ணைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், பலரும் 20 என்றால் 12-ஐவிடப் பெரியது என்று நினைக்கிறார்கள். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சமமான குண்டுகளாக உருட்டினால் ஒரு குண்டின் விட்டம் என்னவோ அதுதான் 12 போர் குழலின் அகலம், சுமார் 18.5 மில்லிமீட்டர். இருபதாக உருட்டினால் குண்டு சிறுத்துவிடும் இல்லையா, அதனால் 20 போர் குழல் சுமார் 15.6 மில்லிமீட்டர்தான். சிறிய குழலில் ரவை, அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் சின்னச் சின்னக் குண்டுகள், குறைவாகப் பிடிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரே அளவு ரவை இரண்டு குழலிலிருந்தும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் போகிறது. பெரிய துப்பாக்கியின் ரவை பலமாக அடிக்கும் என்பது டீக்கடைப் பேச்சு.

பெரியதில் நிச்சயமாகப் பலமாக இருப்பது உதைதான். மூன்றரை அங்குலத் தோட்டா உதைக்கிற உதையை உங்கள் 58 கிலோ உடம்பு ஒருமுறை வாங்கினால், இரண்டாவது முறை விசையை அழுத்துவதற்கு முன்பே கண் தானாக மூடிக்கொள்ளும், தோள் பின்னால் இழுக்கும், குழல் கீழே சாயும். பெரிய துப்பாக்கியில் குறி தப்புவது இப்படித்தான், அதில் துப்பாக்கியின் குற்றம் ஒன்றுமில்லை. ஆட்டோமேடிக் உதையைக் கொஞ்சம் விழுங்கும் என்பது உண்மை, ஆனாலும் மூன்றரை அங்குலம் மூன்றரை அங்குலம்தான். அந்தத் துப்பாக்கியைத்தான் தருவேன் என்று மச்சான் அடம்பிடித்தால் இரண்டேமுக்கால் அல்லது மூன்று அங்குலத் தோட்டா போட்டுத் தரச்சொல்லுங்கள், துப்பாக்கியின் பெரிய தோட்டா அறையில் சின்னத் தோட்டாவும் வெடிக்கும். இரட்டைக்குழலைச் சுவரிலேயே விடுங்கள், பழைய குழலில் இந்தக் காலத்துக் கனமான தோட்டாக்களைப் போடுவதற்கு முன் விவரம் தெரிந்த துப்பாக்கி ஆசாரி ஒருவர் பார்த்தாக வேண்டும்.

இன்னொன்று, இதைத் தனியாகச் சொல்கிறேன். ஒரே பையில் 12 போர் தோட்டாவும் 20 போர் தோட்டாவும் இருக்கவே கூடாது. 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் வழுக்கிப் போய் நடுவழியில் சிக்கி நிற்கும், வெளியே தெரியாது. வெடிக்கவில்லையே என்று பின்னால் ஒரு 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் கைக்குள்ளேயே வெடித்துவிடும். அதனால்தான் 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். மச்சான் வீட்டில் இரண்டு அளவும் இருப்பதால் கிளம்பும் முன் பையைக் கொட்டிப் பாருங்கள்.

சரி, இனி துப்பாக்கியைவிட முக்கியமானது. குழல் முனையில் திருகிப் பொருத்துகிற ஒரு சின்ன வளையக்குழாய் உண்டு, சோக் என்பார்கள். முனையை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு நெருக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் வீச்சுவலை வீசத் தெரிந்த ஊர்க்காரரான உங்களுக்கு இது சட்டென்று புரியும். வலை கையைவிட்டுப் போனதும் சுருண்டு இருக்கும், கொஞ்சம் போனதும் விரியும், மேலும் போனால் வேகம் செத்துவிடும், சரியான தூரத்தில் மீன் இருந்தால்தான் அள்ளும். ரவையும் அப்படியே. சோக் இறுக்கமாக இருந்தால் தூரத்தில் போய் விரியும், தளர்ந்திருந்தால் பக்கத்திலேயே விரிந்துவிடும். வான்கோழியை உடம்பில் சுடக்கூடாது, இறகும் நெஞ்சுச் சதையும் ரவையை வாங்கிக்கொண்டு பறவை காயத்தோடு ஓடிப்போய்ப் புதரில் செத்துக் கிடக்கும். தலையையும் கழுத்தையும்தான் குறிவைக்க வேண்டும், அது அகலத்தில் உங்கள் மூன்று விரல்தான், அதனால்தான் ஃபுல் சோக் அல்லது அதைவிட இறுக்கமான வான்கோழி சோக் போடுகிறார்கள்.

இறுக்கமான சோக்கில் ஒரு வினை உண்டு, நான் அனுபவித்தது. மகன் ஜார்ஜியாவில் இருந்தபோது நானும் ஒரு வசந்தகாலம் போனேன். ஆண் வான்கோழி ஒன்று பதினைந்து அடி எடுத்துவைத்தால் தொட்டுவிடலாம் என்கிற தூரத்தில் வந்து நின்றது. இவ்வளவு பக்கத்தில் எப்படித் தப்பும் என்று அலட்சியமாக அழுத்தினேன், தப்பியது. அந்தத் தூரத்தில் ரவைக்கூட்டம் விரியவே இல்லை, ஒரு கைப்பிடி அளவில் தலைக்குப் பக்கத்தில் போய்விட்டது. மகன் ஒன்றும் சொல்லவில்லை, திரும்பும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வண்டி ஓட்டினான்.

ஆகவே வேட்டைக்கு முன் ஒரு நாள் பேப்பரில் சுட்டுப் பாருங்கள். முதலில் லேசான தோட்டா போட்டுக் கை பழகட்டும். அப்புறம் வேட்டைக்கு எடுத்துப்போகும் அதே தோட்டா, அதே சோக்கோடு 20, 30, 40 கஜத்தில் பெரிய பேப்பரில் சுடுங்கள். 40 கஜத்தில் பத்து அங்குல வட்டத்துக்குள் நூறு ரவை விழவேண்டும் என்பது அங்கே வழக்கமாகச் சொல்லும் கணக்கு. உங்களுக்கு 30 கஜத்தில்தான் அந்த எண்ணிக்கை கிடைக்கிறதென்றால் 30 தான் உங்கள் எல்லை, அதற்கு மேல் நின்றால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். 40 கஜம் என்பது சுமார் 37 மீட்டர், நம்மூர் வள்ளம் நாலை வரிசையாக விட்டால் வரும் தூரம். கடலைப் பார்த்தே வளர்ந்த கண்ணுக்குத் தூரம் எப்போதும் குறைவாகத்தான் தெரியும், எனக்கும் அப்படித்தான். போய் உட்கார்ந்ததுமே ஒரு மரத்தையோ கல்லையோ எல்லை என்று அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டாவில் ஈய ரவை என்றால் 4, 5, 6 எண்கள், எண் கூடினால் ரவை சிறியது. அமெரிக்க எண்ணும் நம் நாட்டு எண்ணும் ஒன்றல்ல, இங்கே கேள்விப்பட்டதை அங்கே சொல்லாதீர்கள். இப்போது டி.எஸ்.எஸ். என்று டங்ஸ்டன் ரவை வந்திருக்கிறது. ஈயத்தின் அடர்த்தி 11 சொச்சம், இது 18. அதனால் 9-ஆம் எண், இரண்டு மில்லிமீட்டர் ரவைகூட ஆழமாக இறங்கும், சின்ன ரவை என்பதால் எண்ணிக்கையும் கூட. 20 போருக்கு மறுவாழ்வு கொடுத்ததே இதுதான். விலை கண்ணைக் கட்டும், ஆனால் ஒரு சீசனுக்கு நாலைந்து தோட்டா போதும், மச்சான் வாங்கித் தரட்டும். எந்த ரவை, எந்தப் போர் செல்லும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அந்த வருட விதிப்புத்தகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வாங்குவது பற்றி: வேண்டாம். விசிட் விசாவில் இருப்பவர் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே அங்கே மத்தியச் சட்டப்படி குற்றம். உங்கள் பணத்தில் மச்சான் தன் பெயருக்கு வாங்குவது இன்னொரு குற்றம், இரண்டு பேரும் மாட்டுவீர்கள். முதலில் லைசென்ஸ், அப்புறம் அவர் துப்பாக்கியை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். டெக்சாஸில் 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்திருக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது, அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

போகும்போது சிவப்பு, வெள்ளை, நீலம் எதுவும் உடம்பில் தெரியக்கூடாது, கைக்குட்டைகூட. ஆண் வான்கோழியின் தலை அந்த மூன்று நிறம்தான், புதருக்குள் அசையும் கைக்குட்டையைப் பார்த்து இன்னொரு வேட்டைக்காரர் சுட்டுவிடுவார். தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள்.

கேள்வி: எனக்கு எப்போதும் வலது கண் மங்கல். வலது தோளில் வைத்துச் சுடலாமா? — வாசகர், மண்டபம்

பதில்: இரண்டு கண்ணையும் திறந்து, தூரத்தில் இருக்கும் விளக்குக் கம்பத்தை விரலால் மறையுங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது விரல் கம்பத்தின் மேலேயே நிற்கிறதோ அதுதான் உங்கள் குறிக்கண். அது இடது என்றால் இடது தோளுக்கு மாறிப் பழகுங்கள், புதிதாகத் தொடங்குபவருக்கு இரண்டு நாளில் வந்துவிடும். மாஸ்பெர்க் 500 போன்ற பம்ப்பில் சேஃப்டி (தவறுதலாகச் சுடாமல் பூட்டும் பொத்தான்) மேலே, கட்டைவிரலுக்கு நேராக இருப்பதால் இடதுகைக்காரருக்கு வசதி. ரெமிங்டன் 870-இல் அது விசைக்குப் பின்னால் குறுக்கே அழுத்துவது, வலதுகைக்காரரை நினைத்துச் செய்தது.

கேள்வி: என் தாத்தா பெயரில் இருந்த 12 போர் லைசென்ஸ் இப்போது எனக்கு மாறியிருக்கிறது. அமெரிக்காவில் வான்கோழி சுடலாமென்றால் இங்கே கௌதாரி, காடை, மயில் சுடுவதில் என்ன தப்பு? மயில் நெல்லைத் தின்று தீர்க்கிறது. — வாசகர், தொண்டி

பதில்: துப்பாக்கி லைசென்ஸ் வேட்டை லைசென்ஸ் அல்ல. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் சொன்ன மூன்றையும் சுடக்கூடாது, கண்ணி வைத்துப் பிடித்தாலும் அது வேட்டைதான். மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது, மூன்று வருடத்திலிருந்து ஏழு வருடம் வரை சிறை. பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையில் எழுதிக் கொடுங்கள், துப்பாக்கியைத் தூக்காதீர்கள்.

எங்கள் வீட்டிலும் தாத்தாவின் இரட்டைக்குழல் இருந்தது. பனிக்காலத்தில் கண்மாயில் இறங்கும் கிளுவையும் உள்ளானும் வீட்டுக்கு வந்ததாகப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், பொய் சொல்லவில்லை, கேட்க ஆசையாகத்தான் இருக்கும். இன்று அதே ராமநாதபுரம் மாவட்டத்தில் சித்திரங்குடியும் கஞ்சிரங்குளமும் 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தன, சக்கரக்கோட்டையும் தேர்தங்கலும் 2025-இல். அமெரிக்காவில் வான்கோழி எண்ணிக்கை ஒரு காலத்தில் அழிந்துபோகும் அளவுக்குச் சரிந்து, பிடித்துப் பிடித்துப் புதுக்காடுகளில் விட்டு மீட்டபிறகு, சீசனும் எண்ணிக்கையும் வரையறுத்துத்தான் சுட விடுகிறார்கள், வசந்தகாலத்தில் பெரும்பாலும் நெஞ்சில் தாடிபோல் கற்றை தொங்குவதை மட்டும். அந்த ஏற்பாடு இங்கே இல்லை. உங்கள் லைசென்ஸ் தற்காப்புக்கு, தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பதற்கு.

கேள்வி: ஏர்கன்னுக்கு இதெல்லாம் பொருந்தாதுதானே? — வாசகர், ஏர்வாடி

பதில்: பொருந்தும். எதை வைத்துச் சுட்டீர்கள் என்று சட்டம் கேட்பதில்லை, எதைச் சுட்டீர்கள் என்றுதான் கேட்கும். தேங்காய் மூடியைத் தொங்கவிட்டுச் சுடுங்கள்.

கேள்வி: மறுபடியும் கீழக்கரையிலிருந்து. சுட்டதைச் சாப்பிடலாமா? — அதே வாசகர்

பதில்: பிஸ்மி, ஹலால் விஷயமெல்லாம் போவதற்கு முன்பே உங்கள் ஆலிமிடம் கேட்டுவிடுங்கள், அது என் வேலை அல்ல. எப்படியும் இடுப்பில் கூரான கத்தி இருக்கட்டும், பறவை உயிரோடு விழுவது உண்டு. சமையல் என்று பார்த்தால் காட்டு வான்கோழியின் கால் சவசவவென்று இழுக்கும், நெஞ்சை வறுக்கலாம், காலைக் குக்கரில் நன்றாக வேகவைத்துப் பிரியாணிக்குப் போடச் சொல்லுங்கள். கழுத்துப் பக்கத்து இறைச்சியை வெளிச்சத்தில் விரலால் தடவிப் பார்த்துவிட்டு அடுப்பில் ஏற்றுங்கள், ஈய ரவை என்றால் பல்லில் நசுங்கும், டங்ஸ்டன் என்றால் பல்தான் போகும்.