ஆப்புக்குள் உண்டியல் வைக்கலாமா?

முதலில் ஒரு வேண்டுகோள். கடிதத்தில் 'சித்தூர்' என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். பாலக்காட்டுச் சித்தூரா, ஆந்திரச் சித்தூரா என்று தெரியாமல் போன மாதம் ஒருவருக்குப் போக வேண்டிய பதிலை இன்னொருவருக்கு அனுப்பிவிட்டேன். அவரும் பெருந்தன்மையாக 'உபயோகமாக இருந்தது' என்று எழுதியிருக்கிறார்.

*

சார், எங்கள் பக்கத்துப் பால் சொசைட்டிகளுக்காக ஒரு ஆப் எழுதியிருக்கிறேன். காலைப் பால், மாலைப் பால், ஃபேட், எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) போட்டால் லிட்டருக்கு என்ன விலை, யாருக்கு எவ்வளவு பட்டுவாடா என்று தமிழிலும் மலையாளத்திலும் காட்டும். விளம்பரம் கிடையாது. ஆப்பின் நிரல் கோடு முழுவதையும் எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைத்திருக்கிறேன். சர்வர் செலவுக்காக 'பிடித்திருந்தால் ஒரு டீ வாங்கித் தாருங்கள்' என்று ஒரு யு.பி.ஐ. கியூஆர் கோடு வைத்தேன். அடுத்த அப்டேட்டைப் பிளே ஸ்டோர் திருப்பி அனுப்பிவிட்டது. ஒரு டீக்குக் கூடவா கமிஷன் கேட்பார்கள்?
— ஓர் இளைஞர், கொழிஞ்சாம்பாறை

கேட்பார்கள் தம்பி. நீங்கள் அதை டீ என்கிறீர்கள், அவர்கள் கணக்கில் அது வியாபாரம்.

கூகுள் பிளேயின் விதியைச் சுருக்கமாகச் சொன்னால், ஆப்புக்குள் டிஜிட்டல் சமாச்சாரத்துக்காகக் காசு வாங்கினால் அவர்களுடைய பில்லிங் வழியாகத்தான் வாங்க வேண்டும். வரிவிலக்குப் பெற்ற தொண்டு அமைப்புக்குப் போகும் நன்கொடைக்கு மட்டும் விலக்கு உண்டு. நீங்களோ நானோ அமைப்பு இல்லை, தனி ஆள். அதனால் நம் உண்டியலும் கடைக் கல்லாவாகிவிடுகிறது. இதில் பெரிய பெயர் சின்னப் பெயர் என்று பார்ப்பதில்லை. 2019 அக்டோபரில் வயர்கார்டு என்ற, இணையப் போக்குவரத்தைப் பூட்டி அனுப்பும் வி.பி.என். ஆப்பையே தூக்கினார்கள். உலகம் முழுக்க மதிப்புள்ள, பிற்பாடு லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்குள்ளேயே சேர்க்கப்பட்ட மென்பொருள் அது. குற்றம் என்னவென்றால், ஆப்புக்குள் ஒரு மூலையில் நன்கொடைப் பக்கத்துக்கு ஒரு இணைப்பு இருந்தது. அதை எடுத்த பிறகுதான் திரும்பி வந்தது. அதே சமயத்தில் ஆண்ட்ஓடிபி என்ற இன்னொரு திறந்த ஆப்புக்கும் இதே கதிதான்.

சரி, அவர்கள் பில்லிங்கையே போட்டுக்கொண்டால்? போடலாம். வருடத்தின் முதல் பத்து லட்சம் டாலர் வரை கமிஷன் 15% (அதைத் தாண்டுவதைப் பற்றி இப்போதைக்கு நாம் இருவரும் கவலைப்பட வேண்டாம்). ஐம்பது ரூபாய் டீயில் ஏழரை ரூபாய் அவர்களுக்கு. யு.பி.ஐ.யில் 2020 ஜனவரியிலிருந்து காசு பெறுபவருக்குக் கட்டணமே கிடையாது என்று பழகிவிட்ட நமக்கு இது உறுத்தத்தான் செய்யும். 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் இந்தப் பில்லிங் விவகாரத்தில் கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் போட்டது. மேல்முறையீட்டில் அந்தத் தொகை குறைந்தது. வேறு பில்லிங்கையும் சேர்த்துத் தர வழி செய்தார்கள், ஆனால் அந்த வழியில் போனால் கமிஷனில் குறைவது 4% மட்டும்.

கமிஷனை விட எனக்குக் கவலை தருவது வேறு. தனிநபர் கணக்கில் நீங்கள் காசு வாங்க ஆரம்பித்த நாளிலிருந்து உங்கள் முழு முகவரியும் ஆப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்படி போட்டுவிடுவார்கள். விலைக் கணக்கு தப்பினால் பால்காரர்கள் வீட்டு வாசலுக்கே வருவார்கள், யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்லும் வழி: ஸ்டோரில் போடும் பதிப்பில் காசு என்ற பேச்சே வேண்டாம். அதே கோடிலிருந்து இன்னொரு பதிப்பு எடுத்து எஃப்-டிராய்டில் போடுங்கள். 2010-இல் தொடங்கிய, கட்டற்ற (கோடு திறந்த) மென்பொருளுக்கு மட்டுமான ஆப் கிடங்கு அது. கமிஷன் இல்லை. ஆப்பின் பக்கத்திலேயே நன்கொடை இணைப்பையும் போட்டுக் காட்டுவார்கள். அங்கே உங்கள் தளத்தின் முகவரியைக் கொடுத்து, தளத்தில் கியூஆர் கோடை வைத்துவிடுங்கள். நிபந்தனை, ஆப்பில் மூடிய மூலம் கொண்ட லைப்ரரி (பிறர் எழுதிய துணை நிரல்) எதுவும் இருக்கக் கூடாது. கூகுளின் ஃபயர்பேஸ் சேர்த்திருந்தால் கழற்ற வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. எஃப்-டிராய்ட் பெரும்பாலும் தன் சொந்தச் சாவியால்தான் ஆப்பில் டிஜிட்டல் கையெழுத்திடும். கையெழுத்து வேறு என்பதால் ஸ்டோர் பதிப்பு வைத்திருப்பவர் அதன் மேலேயே இதைப் போட முடியாது, பழையதை நீக்கிவிட்டுத்தான் போட வேண்டும். நீக்கினால் போனில் உள்ள பால் கணக்கு அத்தனையும் போய்விடும். கணக்கை ஒரு ஃபைலாக எடுத்து வைத்துத் திரும்ப ஏற்றும் வசதியை முதலில் எழுதுங்கள். உண்டியல் அப்புறம்.

*

ஓப்பன் சோர்ஸ், அதாவது கோடு திறந்தது, என்று பெருமையாகச் சொல்லிவிட்டு அதையே காசுக்கு விற்பது ஏமாற்று வேலை இல்லையா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், களியக்காவிளை

இல்லை ஐயா. இந்தக் குழப்பத்துக்கு இங்கிலீஷ்காரன்தான் காரணம். அவனுக்கு இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே சொல். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. கட்டற்ற மென்பொருள் என்றால் கட்டு இல்லாதது, விலை இல்லாதது என்று பொருள் இல்லை. உங்கள் ஊரில் நாலு எட்டு வைத்துக் கேரளத்துக்குள் போனால் 'ஸ்வதந்திர' என்பார்கள், அதுவும் சரியான சொல். கட்டற்ற மென்பொருளுக்கான ஜி.பி.எல். உரிமம் விற்பதைத் தடுக்கவில்லை. வாங்கியவர் மூலக் கோடைக் கேட்டால் கொடுக்க வேண்டும், அவர் அதை ஊருக்கே கொடுத்தாலும் நீங்கள் தடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

என் கட்சி என்ன என்றால், கையேந்துவதை விட விற்பது மேல். கான்வர்சேஷன்ஸ் என்ற அரட்டை ஆப் பிளே ஸ்டோரில் காசு, எஃப்-டிராய்டில் சும்மா. ஆஸ்ம்ஆண்ட் வரைபட ஆப்பின் முழுப் பதிப்பும் இதே மாதிரிதான். வசதியாக ஸ்டோரிலிருந்தே வேண்டும் என்பவர் கொடுக்கிறார், கொஞ்சம் தேடிப் போகத் தயாரானவர் கொடுக்காமலே எடுத்துக்கொள்கிறார். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

இதையும் ஒரு முறை தடுக்கப் பார்த்தார்கள். 2022-இல் மைக்ரோசாஃப்ட் தன் ஸ்டோரில், வேறிடத்தில் இலவசமாகக் கிடைக்கும் திறந்த மூல மென்பொருளைக் காசுக்கு விற்கக் கூடாது என்று ஒரு விதி எழுதியது. அடுத்தவர் எழுதியதை எடுத்து விற்பவர்களைப் பிடிக்கத்தான் என்றார்கள். ஆனால் எழுதியவரே விற்றாலும் மாட்டும்படி இருந்தது அந்த வாசகம். கிருதா என்ற ஓவிய மென்பொருளை எழுதுபவர்களே அங்கே விற்று அந்தக் காசில் ஆள் வைத்து வேலை செய்கிறார்கள், அவர்கள் எங்கே போவார்கள்? கூச்சல் கிளம்பியதும் திருத்திவிட்டார்கள்.

*

ஐபோனில் எப்படி சார்?
— கல்லூரி மாணவி, சித்தூர் (ஆந்திரா, நிச்சயமாக!)

ஐபோனில் வாசலிலேயே டிக்கெட். ஆப் போடுபவருக்கான பதிவுக் கட்டணம் பிளேயில் ஒரே ஒரு முறை 25 டாலர், ஆப்பிளில் வருடா வருடம் 99 டாலர். லாப நோக்கில்லாத அமைப்புகளுக்குச் சில நாடுகளில் கட்டண விலக்கு உண்டு. ஆப்பை எழுதியவருக்கு 'டிப்ஸ்' தர ஆப்பிள் விதியில் இடம் இருக்கிறது, ஆனால் அவர்களுடைய வாங்கும் முறை வழியாகத்தான். சின்ன ஆட்களுக்கான திட்டத்தில் பெயர் கொடுத்தால் கமிஷன் 30% அல்ல, 15%. கொடுக்காவிட்டால் முப்பதுதான், ஞாபகமாகக் கொடுத்துவிடுங்கள். ஆப்புக்கு வெளியே காசு வாங்கும் இணைப்பு விஷயத்தில் 2025 ஏப்ரலில் அமெரிக்க நீதிமன்றம் கதவைத் திறந்துவிட்டது என்று படித்திருப்பீர்கள். அது அமெரிக்கக் கடைக்கு, நமக்கு இல்லை.

இன்னொன்று, உரிமம். வி.எல்.சி. என்ற வீடியோ ஆப் 2011 ஜனவரியில் ஆப் ஸ்டோரை விட்டு வெளியே போனது ஜி.பி.எல்.லுக்கும் ஸ்டோர் நிபந்தனைக்கும் ஒத்துவராததால்தான். உரிமத்தை மாற்றிக்கொண்டு 2013-இல்தான் திரும்பி வந்தது. பலர் சேர்ந்து எழுதிய கோடு என்றால் இதை முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

*

உண்மையைச் சொல்லுங்கள், நன்கொடையில் எவ்வளவு வரும்?
— பெயர் வேண்டாம், குமுளி

ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை 2014-இல் வெளியே தெரிந்தபோது, உலகத்து இணையதளங்களில் பெரும்பங்கு தகவலைப் பூட்டி அனுப்ப நம்பியிருந்த, அந்த ஓட்டை இருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளுக்கு வருடத்துக்கு வந்துகொண்டிருந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். அதற்கே அவ்வளவுதான். நீங்கள் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சிம்பிள் மொபைல் டூல்ஸ் என்று காலண்டர், கேலரி, நோட்டு என எளிமையான ஆப்கள் இருந்தன. 'நன்றி' சொல்வதற்கென்றே தனியாக ஒரு காசு ஆப் வைத்திருந்தார் அவற்றை எழுதியவர், நல்ல யோசனை. ஆனாலும் 2023 கடைசியில் மொத்தத்தையும் ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டார். திட்டியவர்கள் நிறைய, அதில் எத்தனை பேர் அந்த 'நன்றி'யை வாங்கியிருந்தார்கள் என்று நான் கேட்க மாட்டேன். கோடு திறந்திருந்ததால் அது ஃபாசிஃபை என்ற பெயரில் தொடர்கிறது.

பெரிய திட்டம் என்றால் 2024 அக்டோபரில் ஜெரோதா என்ற பங்குத் தரகு நிறுவனம் தொடங்கிய ஃப்ளாஸ் ஃபண்ட் இருக்கிறது, வருடத்துக்குப் பத்து லட்சம் டாலர். அது பலரும் ஏற்கெனவே நம்பியிருக்கும் மென்பொருளுக்கு. கிடைத்த காசு எதுவானாலும் எழுதி வையுங்கள். சொந்தக்காரர் அல்லாதவரிடமிருந்து வருடத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால் 'அன்பளிப்பு' என்று சொல்லியும் வருமான வரியிலிருந்து தப்ப முடியாது.

*

எனக்குக் கோடு எழுதத் தெரியாது, கொடுக்கக் காசும் இல்லை. வீட்டில் தறி ஓடுகிறது, கையில் போன் இருக்கிறது. நான் எப்படி உதவுவது?
— ஒரு சகோதரி, நகரி

தமிழும் தெலுங்கும் எழுதத் தெரியும் என்று கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்களே அம்மா, அதுதான் பலருக்குக் கிடைக்காதது. எஃப்-டிராய்ட் உட்படப் பல கட்டற்ற ஆப்களின் மொழிபெயர்ப்பு வெப்லேட் என்ற தளத்தில் நடக்கிறது. போனிலேயே ஒரு ஆப்பைத் திறந்து, விட்டுப்போன வரிகளை நிரப்பலாம். முதல் நாளே நூறு வரிக்குப் போகாதீர்கள், அமைப்புகள் (செட்டிங்ஸ்) பக்கத்தை மட்டும் எடுங்கள். அதில் காசு கேட்கும் பொத்தான் வரும். 'தானம்' என்று போட்டால் கோயில் மாதிரி இருக்கிறது, 'நன்கொடை' என்றால் ரசீதுப் புத்தகத்தோடு ஆள் வந்து நிற்பது போல இருக்கிறது. எனக்கு இன்னும் சரியான சொல் அகப்படவில்லை. தெலுங்கில் என்ன போட்டீர்கள் என்று எழுதுங்கள்.