மரம் ஏறும் வேலைக்கு மகனை அனுப்பலாமா?

கேள்வி: நாங்கள் திருமங்கலம் பக்கம். மகன் அரசுப் பள்ளியில் உயிரியல் குரூப் எடுத்து பிளஸ் டூ முடித்திருக்கிறான். மார்க் அறுபது சதவீதம். இன்ஜினீயரிங் வேண்டாம், சோழவந்தானில் மரம் வெட்டு காண்ட்ராக்ட் எடுக்கிற என் தம்பியோடு போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். படித்த பிள்ளை மரம் ஏறினால் ஊர் என்ன பேசும் என்று அவன் அப்பா கத்துகிறார். எனக்கோ விழுந்துவிடுவானோ என்கிற பயம். என்ன செய்யட்டும்?

பதில்: அம்மா, உங்கள் வீட்டுக்காரரின் கவலையை இப்போதைக்கு ஓரமாக வைப்போம். ஊர் எதற்கும் பேசும். மோட்டார் ஓடவில்லை என்றால் அதே ஊர்தான் பிளம்பருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் நாலு தடவை போன் போட்டுக் காத்துக்கிடக்கிறது. உங்கள் பயம் வேறு. அதற்குக் காரணம் இருக்கிறது, அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

முடிவு எடுக்கும் முன் பையன் ஒரு வாரம் மாமாவோடு போய் வரட்டும். ஏறக் கூடாது, பார்த்தால் போதும். மரம் வெட்டுகிற கோஷ்டி விடியும் முன்பே குட்டி யானை வண்டியில் கிளம்பிவிடும், வெயில் ஏறுவதற்குள் மேல்வேலையை முடிப்பதற்காக. மேலே இருப்பவர் ஒருவர்தான், ஆனால் கீழே நிற்பவர்களை நம்பித்தான் அவர் உயிர் இருக்கிறது. ஓட்டுக்கூரைக்கோ காம்பவுண்ட் சுவருக்கோ மேலே நீண்டிருக்கிற கிளையை அப்படியே அறுத்துத் தள்ள முடியாது. அதில் கயிறு கட்டி, கயிற்றை மேலே ஒரு கவட்டையில் போட்டு, மறுமுனையை அடிமரத்தில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, அறுந்த பிறகு மெல்ல மெல்ல விட்டு இறக்க வேண்டும். கயிறு பிடிப்பவன் ஒரு நொடி போனைப் பார்த்தால் வீட்டுக்காரர் கூரை போகும், இல்லையென்றால் மேலே இருப்பவர் போவார். நடுவில் முசுறு கடிக்கும், கதண்டுக்கூடு இருக்கும், பூவரசிலும் முருங்கையிலும் கம்பளிப்பூச்சி. மதியத்துக்கு மேல் துண்டு போடுவது, சுமப்பது, தழையைக் கூட்டி அள்ளுவது. சாயங்காலம் மிஷின் ரம்பத்துக்கு அரம் போட்டுத் துடைத்து வைத்தால்தான் நாள் முடியும். ரம்பத்தின் அதிர்வில் ராத்திரி விரல் மரத்துப்போகும், காதில் இரைச்சல் நிற்காது. இதை முழு வாரமும் பார்த்த பிறகும் போகிறேன் என்றால் பையன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அர்த்தம்.

வருமானத்தைக் கேட்டிருக்க வேண்டிய இடத்தில் நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கூலி ஒழுங்காக வராது. கோடைமழைக் காற்றில் மரம் சாய்ந்தால் இரவு பகல் வேலை. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வருவதற்கு முன்பு ஈ.பி. லைனில் படுகிற கிளைகளைக் கழிக்கச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அடைமழை நாளில் வீட்டில்தான் இருக்க வேண்டும், ஈரமான பட்டையில் கால் நிற்காது.

இதில் இன்னொரு சங்கதி உண்டு, வெளியே பலருக்குத் தெரியாது. நம் பக்கத்தில் பெரும்பாலும் மரத்துக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். கட்டையை வெட்டுகிறவரே எடுத்துக்கொண்டால் கூலி குறையும், சில சமயம் கூலியே கிடையாது. வேம்பு என்றால் கதவு, ஜன்னலுக்குப் போகும், மற்றதெல்லாம் விறகாகச் சூளைக்குப் போகும். அதனால் இரண்டு கிளையைக் கழித்தால் போதும் என்கிற மரத்தையும் ‘அடியோட எடுத்துருங்க சார், வீட்டு மேல விழுந்துரும்’ என்று சொல்லத் தோன்றும். லாபம் வெட்டுவதில் இருக்கிறது, காப்பாற்றுவதில் இல்லை. உங்கள் தம்பியைக் குறை சொல்லவில்லை. தொழிலே இப்படி அமைந்துவிட்டது.

உங்கள் மகனுக்கு வாய்ப்பு இருப்பது இங்கேதான். மரத்தை வெட்டாமல் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவருக்கு வேலை இருக்கிறது. கல்லூரி, ஆஸ்பத்திரி, மில், அடுக்குமாடி என்று பெரிய வளாகங்களில் ஐம்பது வயது தூங்குமூஞ்சி மரங்கள் நிற்கின்றன. வருஷா வருஷம் யாரையோ கூப்பிட்டு மொட்டையடிக்கிறார்கள். மொட்டையடித்த இடத்தில் கொத்துக்கொத்தாகத் துளிர்க்கிற கிளைகளுக்குப் பிடிமானம் கிடையாது, நாலைந்து வருஷத்தில் அவைதான் காற்றுக்கு முறிந்து விழுகின்றன. சரியாகக் கழிப்பது எப்படி என்பது கற்றுக்கொள்ளக்கூடிய விஷயம். கனமான கிளைக்கு மூன்று வெட்டு: தாய்மரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி அடியில் பாதி வரை ஒன்று, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து ஒன்று. கிளை பட்டையை உரிக்காமல் விழும். மிச்சக் கட்டையை மூன்றாவதாக, கிளை புறப்படும் இடத்தில் தடித்திருக்கிற வளையத்தைத் தொடாமல் அறுக்க வேண்டும். அந்த வளையம்தான் காயத்தை மூடுகிறது. அமெரிக்காவில் அலெக்ஸ் ஷைகோ என்கிற வன ஆய்வாளர் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக அறுத்துப் பார்த்துச் சொன்னது இது. வெட்டிய இடத்தில் தார் பூசுவதும், பொந்தில் சிமெண்ட் அடைப்பதும் மரத்தைக் காப்பாற்றாது. மதுரையில் இரண்டையும் இன்னும் பக்தியோடு செய்கிறார்கள்! 1924-இல் தொடங்கிய ஒரு சர்வதேச மரவளர்ப்புச் சங்கம் இந்தத் தொழிலுக்குத் தேர்வு வைத்துச் சான்றிதழ் தருகிறது. படிப்பு இல்லாவிட்டால் மூன்று வருஷ முழுநேர அனுபவம் கேட்கும். இப்போதைக்கு அது தூரம், காதில் போட்டு வையுங்கள்.

இப்போது படிப்பு. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தில் பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டு வருஷத் தோட்டக்கலை டிப்ளமோ உண்டு. உயிரியல் குரூப் படித்தவனுக்கு என் ஓட்டு அதற்குத்தான். ஒத்தக்கடையில் இருக்கிற வேளாண் கல்லூரிக்கு ஒருமுறை கூட்டிப்போய் விசாரியுங்கள். கிடைக்கவில்லை என்றால் கோ.புதூர் அரசு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன், அதுவும் இரண்டு வருஷம். மரத்துக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். மரம் வெட்டுகிறவர்களை அதிகம் பயமுறுத்த வேண்டியது லைன்தான். பதினோராயிரம் வோல்ட் லைனைப் பச்சைக் கிளை தொட்டாலே போதும். கரண்ட் கட் ஆகியிருக்கிறது என்ற நம்பிக்கையில் ஏறுகிறார்கள், பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் தப்பான இணைப்பில் ஓடினால் அதே கம்பிக்குத் திரும்ப உயிர் வரும். ஈ.பி. ஆள் எல்.சி. (லைன் கிளியர், அதாவது லைனை நிறுத்தி வேலை செய்யும் அனுமதி) எடுத்து, கம்பியை எர்த் செய்து, ‘ஏறலாம்’ என்று சொல்லும் வரை கீழேயே நிற்கத் தெரிந்தவன் பிழைப்பான். மரத்தை விட்டு விலகினாலும் மின்கம்பியாளர் தகுதிச் சான்று வாங்கிக்கொண்டால் கைத்தொழில் கைவிடாது. அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து படித்த பையன்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப்புதல்வன் திட்டம் டிப்ளமோவுக்கும் ஐ.டி.ஐ.க்கும் பொருந்தும், சேருகிற இடத்தில் கேளுங்கள்.

சனி, ஞாயிறு மாமாவோடு போகட்டும். சோழவந்தான் பக்கம் தென்னைக்குப் பஞ்சமில்லை, ஏறுகிற ஆளுக்குத்தான் பஞ்சம். தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ என்ற பெயரில் ஆறு நாள் பயிற்சி நடத்தியிருக்கிறது. கருவியில் ஏறக் கற்றுத்தருவார்கள், விபத்துக் காப்பீடும் உண்டு. அடுத்து எப்போது என்று வேளாண் அலுவலகத்தில் கேட்டு வையுங்கள்.

பதினெட்டு முடியும் வரை தரையில்தான். முதல் வருஷம் கயிறு பிடிக்கட்டும், முடிச்சுப் போடப் பழகட்டும். பதினெட்டு ஆன அன்றைக்கே வங்கியில் பிரதமர் விபத்துக் காப்பீட்டில் சேர்த்துவிடுங்கள், வருஷத்துக்கு 20 ரூபாய் கட்டினால் விபத்து மரணத்துக்கு 2 லட்சம். சொல்லவே மனசு வரவில்லைதான், இருந்தாலும் சேருங்கள். உடலுழைப்புத் தொழிலாளர் நலவாரியத்திலும் பதிவு வேண்டும்.

உங்கள் தம்பியிடம் நேராகக் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. தம்பியாயிற்றே என்று கூச்சப்படாதீர்கள். மேலே ஏறுகிறவருக்கு இடுப்பிலும் தொடையிலும் மாட்டுகிற பெல்ட் இருக்கிறதா? மிஷின் ரம்பத்தை மேலே ஓட்டும்போது ஒரு கயிறு அறுந்தாலும் இன்னொன்று தாங்குகிற மாதிரி இரண்டு இடத்தில் கட்டிக்கொள்கிறார்களா? மேலே ஒருவர் மயங்கித் தொங்கினால் ஏறி இறக்கத் தெரிந்த இன்னொருவர் கீழே இருக்கிறாரா? ஏறுகிற கயிறு எத்தனை வருஷப் பழசு? அதே கயிற்றில் கட்டையும் இழுக்கிறார்களா?

‘நாங்க முப்பது வருஷமா வெறுங்காலோட ஏறுறோம்க்கா, ஒண்ணும் ஆகல’ என்று பதில் வந்தால், தம்பிக்குச் சோறு போட்டு அனுப்பிவிட்டு, பையனை டிப்ளமோ முடியும் வரை அந்தப் பக்கம் விடாதீர்கள். பெல்ட் வாங்கிப் போடுகிறேன் என்று சொன்னால், வாங்கியதைக் கண்ணால் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.