பலத்த மழையும் ஹெவி ரெயினும்

ஐயா,

பத்தாம் தரத்துக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். மாரி மழையைப் பற்றி எழுதச் சொன்னபோது பலர் 'ஸ்ட்ரோங் ரெயின்' என்று எழுதியிருந்தார்கள். 'ஹெவி ரெயின்' என்று திருத்தினேன். காற்றுக்கு ஸ்ட்ரோங் பொருந்தும்போது மழைக்கு ஏன் பொருந்தாது என்று ஒரு மாணவி கேட்டாள். 'அது அப்படித்தான்' என்றேன். இதற்கு விதி உண்டா? புள்ளி குறைக்கலாமா?

ஆங்கில ஆசிரியை, களுவாஞ்சிகுடி

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் விடை பெரும்பாலும் சரியே. ஆயினும் அம்மாணவி 'ஸ்ட்ரோங் ரெயின்' என்ற சொற்சோடியைத் தமிழிலிருந்துதான் எடுத்திருக்கிறாள். மார்கழியில் மட்டக்களப்பில் வானிலை அறிவிப்பைக் கேட்கும் எவருக்கும் 'பலத்த மழை', 'பலத்த காற்று' என இரண்டும் ஒரே அடைமொழியோடுதான் காதில் விழுகின்றன. 1978 நவம்பர்ச் சூறாவளியை ஆங்கிலத்தில் எழுதுபவரோ காற்றுக்கு ஸ்ட்ரோங் என்றும் மழைக்கு ஹெவி என்றும் பிரித்தே எழுத வேண்டும்.

விதி என்று சொல்லத்தக்கது இல்லை. ஒரு போக்கு உண்டு. அளவிலோ நெரிசலிலோ மிகுந்தவற்றோடு ஹெவி சேர்கிறது: மழை, வாகன நெரிசல், இழப்பு, அபராதம். விசையோ செறிவோ உள்ளவற்றோடு ஸ்ட்ரோங் சேர்கிறது: காற்று, நீரோட்டம், மணம், வாதம், சாயம் கூடின தேநீர். ஆனால் இப்போக்கை நம்பி வெகுதூரம் போக முடியாது; ஒருவரது உச்சரிப்புச் சாயலான அக்சென்ட்டுக்கு இரண்டுமே பொருந்தும்.

இத்தகைய சேர்க்கையை மொழியியலின் ஆய்வுப் பொருளாக்கியவர் லண்டனில் கற்பித்த ஜே. ஆர். ஃபேர்த். அவருடைய மாணவரான ஹாலிடே 1966இல் காட்டிய எடுத்துக்காட்டு வகுப்புக்கு மிக ஏற்றது: வாதம் ஸ்ட்ரோங்காகவும் இருக்கலாம், பவர்ஃபுல்லாகவும் இருக்கலாம், தேநீர் ஸ்ட்ரோங் மட்டுமே, கார் பவர்ஃபுல் மட்டுமே. பொருளால் இவ்வளவு நெருங்கிய இரு சொற்களுக்கே இந்த நிலை என்றால், காரணத்தைப் பொருளில் மட்டும் தேடிப் பயனில்லை. நாமும் அடைமழை என்கிறோம், அடைகாற்று என்பதில்லை. ஏன் என்று அம்மாணவியிடமே கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனெனில் பிள்ளைகள் அதிகம் சறுக்குவது அங்கேதான். அடைமொழி பெயருக்கு முன்னே நிற்பதும் வாக்கியத்தின் பயனிலையாக வருவதும் எப்போதும் ஒன்றல்ல. 'தி ரெயின் வோஸ் ஹெவி' என்று மாற்றினால் பொருள் கெடாது. 'ஹெவி ஸ்மோக்கர்' என்பவர் அதிகம் புகைப்பவர். அதையே 'தி ஸ்மோக்கர் இஸ் ஹெவி' என்று திருப்பினால் அவர் உடல் பருத்தவராகிவிடுவார்! பயனிலையில் அக்கருத்து வேண்டுமென்றால், 'ஹி ஸ்மோக்ஸ் ஹெவிலி' என வினையடையாக்க வேண்டும்.

கட்டுரையில் இத்தவறுக்குப் புள்ளி குறைப்பதை நான் விரும்பவில்லை. கருத்து பிழையில்லாமல் விளங்குகிறது. கீழ்க்கோடிட்டுச் சரியான சோடியை ஓரத்தில் எழுதிவிடுங்கள். பிள்ளைகளின் சொற்கொப்பியில் ஹெவி என்ற தலைப்பின் கீழ் பெயர்களை அடுக்குவதைவிட, ரெயின், விண்ட், டீ என்று பெயர்களைத் தலைப்பாக்கி, ஒவ்வொன்றின் கீழும் அதற்குப் பொருந்தும் அடைமொழிகளை எழுதச் செய்யுங்கள். எழுதும்போது முதலில் மனதில் வருவது மழைதான், அதற்கான அடைமொழியைப் பிறகுதான் தேடுகிறோம்.