கொழுந்தன் கூட்டி வந்த ஒயர்மேன்

கேள்வி: தோட்டத்து லயத்தை விட்டு, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பழைய தாமான் (குடியிருப்பு) வீடு ஒன்றை வாங்கி வந்தோம். ஒயரிங்கை முழுதாக மாற்ற என் கொழுந்தன் தன் கூட்டாளியை அழைத்து வந்தார். பேசியது 4,800 ரிங்கிட், கொடுத்தது 3,500. ரசீது இல்லை, வாட்ஸ்அப் பேச்சுதான். இப்போது வாட்டர் ஹீட்டரைப் போட்டால் மெயின் விழுகிறது. ஒரு பிளக் கருகிவிட்டது, மகனுக்கு அதில் லேசாக ஷாக் அடித்தது. ஆள் போனை எடுப்பதில்லை, மீதிப் பணம் கேட்டு மட்டும் மெசேஜ் வருகிறது. வழக்குப் போட்டால் பணம் கிடைக்குமா? குடும்பத்தில் சண்டை வருமோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: சகோதரி, சட்டம் அப்புறம். ஹீட்டருக்கும் அந்தப் பிளக்குக்கும் போகும் சுவிட்சை டிபி பெட்டியில் (வீட்டின் மெயின் சுவிட்ச் பெட்டி) இன்றே இறக்கி வையுங்கள். மெயின் அடிக்கடி விழுந்தால், "ஆர்சிசிபி (கசிவைக் கண்டால் மின்சாரத்தை வெட்டும் சுவிட்ச்) கெட்டுப்போச்சு, அதை விட்டுவிட்டு நேராகக் கொடுத்துவிடுகிறேன்" என்று சொல்ல ஒருவர் வருவார். விடாதீர்கள். மின்சாரம் கசியும்போது விழுவதுதான் ஆர்சிசிபியின் வேலை. பிளக்குகளுக்கு 30 மில்லிஆம்பியர், தண்ணீர் புழங்கும் குளியலறை ஹீட்டருக்கு 10 மில்லிஆம்பியர் என்பது கணக்கு. உங்கள் வீட்டில் எது மாட்டியிருக்கிறது என்று பெட்டியைப் படம் எடுங்கள். கருகிய பிளக்கையும் படம் எடுங்கள். அதைக் கழற்றினாலும் வீசிவிடாதீர்கள்.

ரசீது இல்லையே என்று கலங்க வேண்டாம். வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். மீதிப் பணம் கேட்டு அவர் அனுப்பும் மெசேஜே, வேலை செய்தது அவர்தான் என்பதற்குச் சாட்சி. அதை அழிக்காமல் வைத்திருங்கள்.

1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவு, சேவை செய்பவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்கிறது. குறையைச் சரிசெய்ய அவருக்கு நியாயமான அவகாசம் கொடுக்க வேண்டும். அவர் வராவிட்டால் வேறு ஆளை வைத்துச் செய்து, அந்தச் செலவை அவரிடம் கேட்கலாம். ஆகவே 14 நாள் தவணை கொடுத்து வாட்ஸ்அப்பிலும் பதிவுத் தபாலிலும் எழுதுங்கள். மீதி 1,300 ரிங்கிட்டைத் தர மாட்டேன் என்று எழுத வேண்டாம். குறையைத் தீர்த்து, போராங் (படிவம்) ஜி, போராங் எச் இரண்டையும் கொடுத்தால் தருகிறேன் என்று எழுதுங்கள். வேலையை மேற்பார்வையிட்டு முடித்ததற்கு ஜி, சோதித்ததற்கு எச். இரண்டிலும் தகுதி பெற்றவர் கையெழுத்திட வேண்டும். சான்றிதழ் இல்லாதவர் என்றால் இந்த இடத்தில் பிடிபடுவார். அப்படியானால் மின்சார வேலைகளைக் கண்காணிக்கும் சுருஹான்ஜாயா தெனாகாவிலும் (எரிசக்தி ஆணையம்) புகார் செய்யலாம்.

தவணை முடிந்தும் அசையாவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போங்கள். போராங் 1, கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மூன்று ஆண்டுகளுக்குள் போட வேண்டும். பொதுவாக அங்கே வக்கீலுக்கு இடமில்லை. என் பிழைப்பில் மண்தான், ஆனால் உங்களுக்கு நல்லது. தீர்ப்புக்குக் கட்டுப்படாமல் இருப்பது குற்றம். ஒன்று மட்டும், உடல் காயத்துக்கான நஷ்டஈட்டை அந்த மன்றம் விசாரிக்காது. மகனுக்குக் காயம் ஏதும் இருந்தால் கிளினிக் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தனியாக எழுதுங்கள்.

சரி, அடுத்த ஒயர்மேன். "இருபது வருஷ அனுபவம்" என்ற பேச்சை நான் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. தப்பாகவே இருபது வருஷம் செய்தவர்களும் உண்டு. சுருஹான்ஜாயா தெனாகா கொடுத்த பென்டாவாய் (ஒயர்மேன்) சான்றிதழைக் கேளுங்கள். அதில் ஒற்றை ஃபேஸா, மூன்று ஃபேஸா என்று இருக்கும். உங்கள் வீட்டு இணைப்புக்கு அது பொருந்த வேண்டும். சான்றிதழில் உள்ள பெயரை அவருடைய மைகார்டோடு (அடையாள அட்டை) ஒப்பிடுங்கள். சிறு ஊர்களில் சான்றிதழ் ஒருவருடையதாக இருக்கும், ஏணியில் ஏறுகிறவர் வேறொருவராக இருப்பார். உதவியாள் வேலை செய்யட்டும், ஆனால் சான்றிதழ்காரர் கூடவே நின்று பார்க்க வேண்டும். எந்த அறைக்கு எத்தனை பிளக், எந்த அளவு ஒயர், என்ன பிராண்டு என்று எழுதி வாங்குங்கள். பணத்தைத் தவணையாகக் கொடுங்கள், கடைசித் தவணையை ஜி, எச் கைக்கு வந்த பிறகு மட்டும். பழைய வேலையில் என்ன தப்பு என்று அவரையே ஓர் அறிக்கை எழுதித் தரச் சொல்லுங்கள். நடுவர் மன்றத்தில் உங்கள் வாயைவிட அந்தத் தாள் நன்றாகப் பேசும். அறிக்கையும் படமும் கைக்கு வரும் முன் எதையும் பிரித்து மாற்றிவிட வேண்டாம்.

கொழுந்தன் விஷயம்தான் உங்களுக்கு ஷாக்கைவிடப் பயம் என்று தெரிகிறது. முகதாட்சண்யத்தில் காசு போன குடும்பங்கள் நம்மில் நிறைய. ஆனால் விலை பேசியபோது அவர் பக்கத்தில் இருந்திருந்தால், உங்களுக்கு அவரைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அந்த ஆளின் முழுப் பெயரும் வீட்டு முகவரியும் அவருக்குத்தான் தெரியும், அவை இல்லாமல் போராங் 1ஐ நிரப்ப முடியாது. அதனால் "நீங்கள் கொண்டு வந்த ஆள்தானே" என்று ஆரம்பிக்காதீர்கள். "தம்பி, அன்றைக்கு விலை பேசினபோது நீங்களும் இருந்தீங்களே, நாளைக்கு வந்து அதைச் சொல்வீங்களா?" என்று கேளுங்கள்.