பம்ப் மார்க்கருக்கு எலக்ட்ரானிக் டிரிகர் எதற்கு?

கேள்வி: என்னிடம் பம்ப் ஆக்‌ஷன் பெயிண்ட்பால் மார்க்கர் (சாய உருண்டை சுடும் விளையாட்டுத் துப்பாக்கி; ஒவ்வொரு முறையும் கையால் பம்ப் அடிக்க வேண்டியது) இருக்கிறது. எலக்ட்ரானிக் டிரிகர், சர்க்யூட் போர்டு, சோலினாய்டு (மின்சாரத்தால் அசையும் சிறு பாகம்) எல்லாம் சேர்த்து, ‘எந்த மார்க்கருக்கும் பொருந்தும்’ என்று ஒரு கிட் விற்கிறார்கள். மாட்டினால் வேகமாகச் சுடலாமா?

பதில்: முடியாது. காசைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பம்பைப் பின்னால் இழுத்தால், குழாயை மூடும் போல்ட் திறந்து உருண்டை உள்ளே விழுகிறது; காற்று வால்வை அடித்துத் திறக்கும் சுத்தியல் ஒரு கொக்கியில் மாட்டிக்கொள்கிறது. முன்னால் தள்ளினால் போல்ட் மூடுகிறது. டிரிகருக்கு அந்தக் கொக்கியை விடுவிப்பது ஒன்றுதான் வேலை. அதை விரல் செய்தால் என்ன, மின்சாரம் செய்தால் என்ன? அடுத்த உருண்டைக்கு மறுபடி உங்கள் கைதான் பம்ப் அடிக்க வேண்டும்.

‘எந்த மார்க்கருக்கும்’ என்பவரை நம்பவே நம்பாதீர்கள். டிரிகர் ஃபிரேமைக் கழற்றிப் படம் அனுப்புங்கள் என்று கேட்காமல் கிட் விற்கிறவருக்கு உங்கள் கொக்கி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. இப்படி ஒரு கிட் என் மேசைக்கு வந்தது. 9 வோல்ட் பேட்டரியை ஒட்ட இருபக்கம் ஒட்டும் டேப் கொடுத்திருந்தார்கள்! ஒயருக்காக மார்க்கரின் உடம்பில் துளை போட்டிருந்தார் அதை வாங்கியவர். உலோகத் துருவல் உள்ளே போய் வால்வு சீலைக் கீறிவிட்டது. கிட் சும்மா கிடந்தது, காற்று மட்டும் கசிந்துகொண்டே இருந்தது.

ஒரே ஒரு விதிவிலக்கு, ஆட்டோகாக்கர் பாணி உடம்புள்ள பம்ப். தானே பம்ப் அடித்துக்கொள்ளும் மார்க்கரான ஆட்டோகாக்கரே ஸ்னைப்பர் என்ற பம்ப் மார்க்கரிலிருந்து வளர்ந்ததுதான். அதில், கை இழுத்த வேலையை முன்னாலுள்ள ‘ராம்’ என்ற சிறு பிஸ்டன் காற்றழுத்தத்தில் செய்கிறது. அந்த ராமுக்குக் காற்றைத் திருப்பிவிடும் வேலையை சோலினாய்டிடம் கொடுக்கலாம். ஆனால் ராம், அழுத்தத்தைக் குறைக்கும் தனி ரெகுலேட்டர், கொக்கியை விடுவிக்க ஒரு வழி, போர்டு என எல்லாமே வேண்டும். டைமிங்கும் சரியாக அமைய வேண்டும். கார்பன் டை ஆக்சைடு வேண்டாம், அழுத்தக் காற்று சிலிண்டர்தான்: திரவமாக உள்ளே புகுந்தால் சோலினாய்டின் சீல்கள் போய்விடும். சரி, இவ்வளவும் செய்தபின் அது பம்ப் மார்க்கரே இல்லை. ‘பம்ப் மட்டும்’ ஆட்டத்தில் வெளியே நிற்க வேண்டியதுதான். ஆட்டம் நடத்துகிறவர்கள் விதியை ஒரே வரியில் எழுதிவிட்டு, மீதியை நடுவர் மனநிலைக்கு விட்டுவிடுகிறார்கள். அவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

எலக்ட்ரானிக் பொருள்தான் வேண்டுமென்றால் உருண்டையின் வேகத்தை அளக்கும் கையடக்க குரோனோகிராஃப் வாங்குங்கள். ஸ்பிரிங்கையோ வால்வையோ தொட்ட ஒவ்வொரு முறையும் வேகத்தை அளக்கலாம். வினாடிக்கு 300 அடிக்கு மேல் போகக் கூடாது. பல மைதானங்களில் வரம்பு அதைவிடக் குறைவு. அளக்கும்போதும் முகமூடி இருக்கட்டும். திறந்து பார்ப்பதற்கு முன் சிலிண்டரைக் கழற்றி, உள்ளே மிச்சமிருக்கும் காற்றையும் சுட்டு வெளியேற்றுங்கள்.